கரை போட்ட இறக்கைகள்

பூச்சியின் இறக்கையில் கரை போட்டிருந்தது.

பைரோஜா உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்து, இமைகளைத் தேய்த்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத அந்துப்பூச்சி. மாம்பழ மஞ்சளில் இறக்கை, விளிம்பில் அரக்கு நிறப் பட்டை, மஞ்சளும் அரக்கும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு. இறக்கைகளில் புள்ளியும் வரியும் பார்த்தே கண் கெட்டவள் அவள். எந்தப் பூச்சியானாலும் ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் கொஞ்சமாவது கலங்கித்தான் முடியும். இது கலங்கவில்லை. தறியிலிருந்து இறக்கிக் கத்தரித்தது மாதிரி முடிந்திருந்தது.

பக்கத்து ஊசியில் இருந்தது கிளிப்பச்சை, உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு. அதற்கடுத்தது ரோஸ் நிறத்தில் கறுப்புக் கட்டம். எல்லாம் ஒரே இடத்தில், ஒரே வெள்ளைத் துணியில் வந்து உட்கார்ந்தவை.

விருதுநகர் பஜாருக்குப் பின்னால் இருந்தது அவள் வீடு. கணவன் முஹ்சினுக்கு வத்தல், மல்லி வியாபாரம். கீழே குடோனிலிருந்து கிளம்பும் நெடி மாடி அறை வரை ஏறிவரும். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் முழுக்க அந்த அறையில் பூச்சிகளோடு உட்கார்ந்திருப்பாள். யாரும் அக்கறை காட்டாத சின்னஞ்சிறு அந்துகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. இந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கோயம்புத்தூரில் பூச்சிகளுக்குப் பெயர் சொல்வதில் கைதேர்ந்தவரான சூர்யபிரகாஷுக்குச் சில மாதிரிகளை அனுப்பியிருந்தாள். அன்று அவரே கூப்பிட்டார்.

"மேடம், எனக்கே குழப்பமா இருக்கு. உள்ளுறுப்பை அறுத்துப் பார்த்தா எல்லாம் ஒரே இனம். மரபணுவும் ஒண்ணுதான். ஆனா ரெண்டு பூச்சி ஒரே மாதிரி இல்ல. ஒரு வீட்டு ஆளுங்க ஆளுக்கொரு துணி உடுத்திட்டு வந்த மாதிரி இருக்கு."

"புது இனமா சார்?"

"அப்படித்தான் தோணுது. ஆனா புழு எதைத் தின்னுதுன்னு தெரியணும். எதுவரைக்கும் இருக்கு, எங்க இல்லைன்னு தெரியணும். அதுக்கப்புறம் பேர் வைக்கலாம். உங்க பேரையே வைக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குள் இனிப்பாகத் தங்கிவிட்டது.

எங்கே இல்லை என்பது ஏற்கெனவே ஓரளவு தெரியும். மல்லாங்கிணறு கரிசலில் ராத்திரி விளக்கு வைத்து, பூச்சி வந்து உட்கார வெள்ளைத் துணி கட்டிப் பார்த்தாள். காரியாபட்டிக் கண்மாய்க்கரையில் பார்த்தாள். சூலக்கரையில் அலுவலகங்களுக்குப் பின்னால் இருக்கும் கருவேலங்காட்டில் பார்த்தாள். ஒன்றுகூட வரவில்லை. வந்தது ஒரே இடத்தில்தான். ஆமத்தூரைத் தாண்டி, சிவகாசி ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண்பாதையின் முடிவில், மூடிக்கிடக்கும் ஒரு பட்டாசு ஆலையின் வேலியோரம். வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளி விளக்கு வைத்தாலும் வராது.

உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

*

ஆலைக்குக் காவல் பலவேசம். வேலிக்கு வெளியே ஓட்டு வீட்டில் அவரும் மனைவி தங்கத்தாயும் குடியிருந்தார்கள். வெடிவிபத்துக்குப் பிறகு ஆலை மூடி, வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. முதலாளி பக்கம் அனுமதி வாங்கி பைரோஜா போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"வாங்க டீச்சரம்மா. தனியாவா வந்திருக்கீக?"

"ஆமாண்ணாச்சி. இருட்டுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

தனித்தனியாக, ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். நடுநடுவே வேம்பு. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவக்கூடாது என்று அப்படிக் கட்டுவார்கள். அப்படியும் தாவியிருந்தது. கூரை பறந்த சுவர்கள், கரியேறிய தரை, வெடிப்பில் முளைத்த எருக்கு. மழை எத்தனையோ பெய்த பிறகும் மண்ணிலிருந்து கந்தகமும் வெடியுப்பும் கலந்த ஒரு காரவாடை லேசாக எழுந்து, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வேப்பமரங்களில் அடையும் நேரத்துப் பறவைச் சத்தம் இல்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்ததை உடனே மறக்கப் பார்த்தாள்.

வாசல் பக்கமிருந்த நீளமான அறை மட்டும் முழுசாக நின்றது.

"இது பொம்பளையாளுக உடுப்பு மாத்துற ரூம்பு," என்றார் பலவேசம். "வரும்போது நல்ல சேலை கட்டிட்டு வருவாக. வெடிமருந்து வேலையில உக்காருறதுக்கு முன்னால இங்கன வந்து பழைய நூல் சேலைக்கு மாறிக்கிடுவாக. சாயங்காலம் திரும்ப நல்ல சேலையக் கட்டிட்டுப் போவாக."

பூட்டைத் திறந்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார்.

"நீங்க வரலையாண்ணாச்சி?"

"இல்ல. நீங்க பாருங்க."

உள்ளே காற்று அசையாமல் நின்றது. ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியே வந்த சாயங்கால வெளிச்சம் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. பழைய தேங்காயெண்ணெய், வாடிய கனகாம்பரம், பவுடர், வேர்வை எல்லாம் சேர்ந்து, இப்போதுதான் ஒரு கூட்டம் எழுந்து போன அறை மாதிரி வாசனை அடித்தது. டார்ச்சைச் சுவரில் அடித்தாள். வரிசையாக ஆணிகள். ஆணிக்கொரு சேலை. அன்று காலையில் மாட்டியவர்கள் திரும்ப வந்து எடுக்காத சேலைகள்.

அவற்றின் மேல் புழுக்கள் இருந்தன.

அரிசி அளவுக் கூட்டுக்குள் உடம்பை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் நீட்டி, துணியின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. பைரோஜாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கிடைத்துவிட்டது. கிட்டப் போய் ஒரு சேலையைத் தொட்டாள். பாலியெஸ்டர். அந்துப்புழு கம்பளியைத் தின்னும், பட்டைத் தின்னும். பாலியெஸ்டரைத் தின்னும் புழுவை அவள் கேள்விப்பட்டதில்லை. துணியை விரித்துப் பார்த்தாள். ஓர் ஓட்டைகூட இல்லை. நூல் அப்படியே இருந்தது. போயிருந்தது நிறம். புழு ஊர்ந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று, சாயமே ஏறாத துணி மாதிரி இருந்தது. மடிப்புக்குள் ஒரு சாண் அகலம் மட்டும் மிச்சமிருந்தது. மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை. நடுவில் வெள்ளிச் சரிகை.

அடுத்த ஆணியில் கிளிப்பச்சை. வெள்ளைப் பொட்டு.

அவள் மூன்றாவதைப் பார்க்கவில்லை.

வெளியிலிருந்து பலவேசத்தின் குரல் கேட்டது. "மஞ்சச் சேலை இருக்கா டீச்சரம்மா?"

"இருக்கு."

"அது எங்க ஊர்ப்பிள்ளதான். மறுவீட்டுக்கு எடுத்த சேலை. கட்டாதன்னு அவங்க ஆத்தா சொன்னா. கட்டிட்டு வந்துருச்சு."

கை தானாகவே வேலை செய்தது. கூடுகளைப் பிரஷ்ஷால் தட்டி, வலைமூடி போட்ட டப்பாவில் விழவைத்தாள். வீட்டில் வைத்து வளர்த்துப் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். அப்படித்தான் எப்போதும் செய்வாள். டப்பாவைப் பைக்குள் வைத்தபோது உள்ளே அவை ஊர்வது, சேலை மடிக்கிற சத்தம் மாதிரிக் கேட்டது.

*

பிறகும் ஒரு தடவை போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. வேலியோரத்தில் துணி கட்டி விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது தங்கத்தாய் டீ கொண்டுவந்தாள். ஐம்பதைத் தொடும் வயசு, நல்ல உயரம், விரல் இடுக்குகளிலெல்லாம் அலுமினியப் பவுடரின் மினுமினுப்பு. அவள் வேறொரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது.

"குடிங்க டீச்சர். ஆறிரும்."

பைரோஜா தம்ளரை வாங்கும்போது சேலையைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறம். ஆரஞ்சுக் கரை. முந்தானையின் நுனி வெளுத்திருந்தது.

"சேலைக்கு என்னக்கா ஆச்சு?"

"அதை ஏன் கேக்கீக. புதுச் சேலை. இன்னும் தண்ணியிலகூட நனைக்கல, அதுக்குள்ள சாயம் போகுது. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்."

சொல்லிக்கொண்டே தங்கத்தாய் வெள்ளைத் துணியை நெருங்கிப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு பூச்சி வந்து உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் கூட்டிலிருந்து வந்தது, இறக்கை இன்னும் முழுசாக விறைக்கவில்லை. கத்தரிப்பூ நிறம். ஓரத்தில் ஆரஞ்சு.

"இந்தா, இது என் சேலை மாதிரியே இருக்கே," என்றாள் தங்கத்தாய். விரலை நீட்டினாள். பூச்சி ஏறி அவள் புறங்கையில் உட்கார்ந்துகொண்டது. "எம்புட்டு அழகு பாருங்க."

பைரோஜா தம்ளரைத் தரையில் வைத்தாள். எப்படிச் சொல்வது? கல்லூரியில் பாடம் எடுப்பவள், எதையும் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள், இதை எந்த வாயால் சொல்வது? இருந்தாலும் சொன்னாள்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க."

"ஏன் டீச்சர்?"

"எனக்குச் சொல்லத் தெரியல. மனசு சரியில்ல. எனக்காகப் போகாம இருங்க."

தங்கத்தாய் அவளை உற்றுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மூடிய ஆலைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி, சொல்றீக, போகல," என்றாள்.

ரெண்டு நாள் போகாமல்தான் இருந்தாள். மூன்றாம் நாள், ஆர்டர் அவசரம், ஆள் குறைகிறது என்று வேனை வீட்டு வாசலுக்கே அனுப்பி அழைத்துப்போனார்கள்.

மத்தியானம் கல்லூரி ஜன்னல்கள் லேசாக அதிர்ந்தன. பாடத்தின் நடுவில் பைரோஜா சாக்பீஸோடு அப்படியே நின்றாள். எங்கோ கல்குவாரி வெடி என்றாள் ஒரு மாணவி. எல்லாரும் நோட்டுக்குத் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு போனாள். பலவேசம் வாசலில் குத்தவைத்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். பக்கத்தில் ஒரு துணிப்பை. ஆலையிலிருந்து கொடுத்தனுப்பியது.

"டீச்சரம்மா, இதைப் பாருங்க." பைக்குள்ளிருந்து ஒரு சேலையை எடுத்து மடியில் வைத்தார். "எங்க வீட்டுக்காரி மாத்திவச்ச சேலைங்காக. அவ கத்தரிப்பூக் கலர் கட்டிட்டுல்ல போனா? நான்தான் வேன் ஏத்திவிட்டேன். வெள்ளச்சேலை அவகிட்ட கிடையவே கிடையாது. யாருதுன்னு கேட்டா, உங்களுதுதான்னு சாதிக்கிறாக."

சேலை வெள்ளையாக இருந்தது. நெய்ததிலிருந்து எந்த நிறத்தையும் அறியாத வெள்ளை. ஒரு மூலையில் தங்கத்தாயின் தலைமுடி ஒன்று ஒட்டியிருந்தது.

பைரோஜாவுக்கு ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. தன் வீட்டுச் சாவுகளில் கடைசியாகச் சுற்றும் வெள்ளைத் துணியின் பெயர். அதை உள்ளேயே விழுங்கிவிட்டாள்.

*

வீட்டுக்கு வந்து நேரே மாடி அறைக்கு ஓடினாள். அலமாரியில் டப்பா இருந்தது. வலைமூடி கிழியவில்லை. ரப்பர் பேண்டு போட்டது போட்டபடி. உள்ளே காலிக் கூடுகள் மட்டும் உமி மாதிரிக் குவிந்து கிடந்தன.

பூச்சிகளை ஊசியில் குத்தி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் இல்லை. கிளிப்பச்சை இல்லை. பூச்சிகள் இருந்தன. இறக்கைகள் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தன.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குள் எந்தத் துணியையும் சாதாரணமாகப் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாக உதறினாள். முஹ்சினின் கைலியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். மகள் மஹ்ரீன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, மெரூன் யூனிபார்மைத் தோளிலிருந்து பாவாடை ஓரம் வரை தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுற?"

"ஒண்ணுமில்ல. நூல் பிரிஞ்சிருக்கான்னு பார்த்தேன்."

ஒரு காலையில் முஹ்சினின் சட்டைக் காலரில் நாலணா அகலத்தில் வெள்ளை இருந்தது.

"சோப்புத்தூள் மாத்தினியா?" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சட்டைதானே. போனாப் போகுது," என்றான்.

"இன்னைக்குக் கடைக்குப் போகாதீங்க."

"காரியாபட்டியிலிருந்து லோடு வருது பைரோஜா. யாரு இறக்குவா?"

அவள் அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லி, கொல்லையில் வைத்துக் கொளுத்தினாள். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பாகச் சொட்டும் என்று எதிர்பார்த்தாள். அது காகிதம் மாதிரி எரிந்தது, வெள்ளிப் பொறி பறக்க. கந்தக வாடை அடித்தது. முஹ்சின் வேறு சட்டை போட்டுக்கொண்டு போனான்.

மத்தியானம் சூர்யபிரகாஷ் கூப்பிட்டார். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

"மேடம், உங்க பூச்சி ஆமத்தூர்ல மட்டும்னு நினைச்சோம் இல்லையா? இங்க என் ஜன்னல்ல ஒண்ணு உக்காந்திருக்கு. கோயம்புத்தூர்ல. பரவல் எவ்வளவு தூரம்னு யோசிச்சுப் பாருங்க. வெளிர் நீலம், அதுல சிவப்புக் கோடு. இதுவரைக்கும் நீங்க அனுப்பாத வகை."

"சார், நீங்க இப்ப என்ன சட்டை போட்டிருக்கீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. பிறகு குனிந்து பார்த்திருப்பார் போல. சிரிப்பு நின்றது. வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

*

சாயங்காலம், அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஏறினாள்.

காலையில் அவளேதான் காயப்போட்டிருந்தாள். பூப்போட்ட போர்வை, முஹ்சினின் நீலக்கட்டம் போட்ட கைலிகள், மஹ்ரீனின் இன்னொரு யூனிபார்ம், தன்னுடைய பச்சைச் சுடிதார். படியின் கடைசித் திருப்பத்திலேயே அவளுக்கு ஏதோ குறைவது தெரிந்தது. என்ன என்று யோசித்தாள். வத்தல் நெடி. கீழே குடோன் திறந்திருக்கிறது, லோடு இறங்குகிறது, ஆட்கள் பேசும் சத்தம் கேட்கிறது. ஆனால் நெடி இல்லை. அதற்குப் பதிலாக நாக்கின் அடியில் காரமாக, உலோகமாக, வேறு ஒரு வாடை மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

மாடிக்கதவைத் தள்ளினாள்.

கொடியில் வெள்ளைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

கொடி மாறிவிட்டதோ என்று நினைத்தாள். பக்கத்து வீட்டார் வந்து போட்டிருப்பார்கள். கிட்டப் போனாள். கைலிதான். சுடிதார்தான். கழுத்தில் அவளே போட்ட தையல்.

வெள்ளை.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மாடி. அங்கேயும் வெள்ளை. அதற்கடுத்த மாடி. பஜாருக்கு அந்தப் பக்கம். தெப்பக்குளத்துக்கு அந்தப் பக்கம். ரயில்வே கேட் வரை, கண்ணுக்கு எட்டிய மாடிகள் எல்லாவற்றிலும் கொடிகள். சேலைகள், வேட்டிகள், பிள்ளைகளின் கவுன்கள், தொட்டில் துணிகள். எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒரே காற்றில், ஒரே பக்கமாக ஆடின.

தண்ணீர்த் தொட்டியின் சுவர் அசைந்தது.

சுவர் அல்ல. அதன் மேல் இருந்தவை. ஒரு விரல் இடம் விடாமல். நீலக்கட்டம். பச்சை. பூப்போட்ட போர்வை, அதே இலை, அதே காம்பு, நகக்கண் அளவில். ஒன்று திறந்தது. எல்லாம் திறந்தன. எல்லாம் மூடின.

சத்தமில்லை.

பிறகு எழும்பின. எல்லா மாடிகளிலிருந்தும். ஊரின் அத்தனை நிறமும் ஒரு புகை மாதிரி மேலேறி, அஸ்தமன வெளிச்சத்தை மறைத்து, மெதுவாகத் தெருவின் பக்கம் சாய்ந்தது.

கீழே டியூஷன் விட்டிருந்தது. பிள்ளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். மெரூன் யூனிபார்ம்கள். பைகள். தண்ணீர்ப் பாட்டில்கள். லாரி ஓரமாக முஹ்சின் நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். பூக்காரி கனகாம்பரம் அளந்துகொண்டிருந்தாள். யாரும் மேலே பார்க்கவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். உதட்டில் ஏதோ வந்து உட்கார்ந்தது. மெல்லிய தூசி. வெள்ளியாகக் கரித்தது.

மஹ்ரீன் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் அம்மா நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். தோளிலிருந்து முழங்கை வரை அவள் யூனிபார்ம் வெளுத்திருந்தது, மிச்சமும் பால் கொட்டிய மாதிரி கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள், பூக்காரி, லாரிக்காரன், முஹ்சின், தெருமுழுக்க எல்லாருக்கும் தோளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக் கையைத் தூக்கி, மஹ்ரீன் அம்மாவைப் பார்த்து அசைத்தாள்.